தராசு ஏன் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது

போன வாரம், நான் பார்த்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் இருவரும் கைபேசியில் கூப்பிட்டு ஒரு சின்ன விஷயம் கேட்டீர்கள். "அக்கா, நூல் அறையில தராசு எதுக்கு நமக்கு முதுகக் காட்டிக்கினு இருக்குது? ஒவ்வொரு தடவையும் எழுந்து எட்டிப் பாக்க வேண்டியிருக்குது. நம்ம பக்கம் திருப்பிடலாமா?" நான் உடனே "வேண்டாம், திருப்பாதீங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. நீங்கள் பயந்துபோய், சரி அக்கா என்று வைத்துவிட்டீர்கள். அன்று முழுவதும் எனக்குச் சமையலில் மனம் இல்லை. காரணம் சொல்லாமல் ஒரு கட்டளை போட்டுவிட்டோமே என்றுதான். காரணம் சொல்லாமல் செய்த ஒரு காரியத்தால்தான் அந்தத் தராசே திரும்பியது. அதனால் எழுதுகிறேன்.

பணி அனுபவம் எழுதுகிற வயது எனக்கு இல்லை. முப்பத்திரண்டுதான் ஆகிறது. ஏழு வருடம் அந்த அறையில் இருந்தேன். மகளைப் பள்ளியில் சேர்த்த வருடம், இரண்டாவது குழந்தையும் வயிற்றில் இருந்ததால், வேலையை விட்டேன். அந்த விவகாரத்தால் விட்டேன் என்று சிலர் சொல்கிறார்கள். அதனால் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நம் வேலையைப் பற்றி வெளியில் யாராவது கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினர்களுக்குப் பட்டு நூலை நிறுத்துக் கொடுக்க வேண்டும், அவர்கள் நெய்து கொண்டுவரும் சேலையை வாங்கி உள்ளே அனுப்ப வேண்டும். யாருக்கு எப்போது வேலை என்பதை நாம் முடிவு செய்வதில்லை. சுவரில் இருக்கிற கரும்பலகை முடிவு செய்கிறது. அதில் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஆர்டர் வந்தால் மேலே இருக்கிறவருக்கு முதலில் போகும். கை தேர்ந்தவர், சுமாரானவர் என்ற பேதம் கிடையாது. இந்த ஊரில் தனியார் முதலாளி கொடுக்கிற வேலைக்கும் சங்கத்து வேலைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அந்தப் பலகைதான்.

அந்த வித்தியாசத்தைப் பற்றிய சண்டையை ஜன்னலுக்கு வெளியே நீங்கள் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். அதன் சொந்தக்காரர்கள் ஏகாம்பரம் அண்ணனும் தயாளன் அண்ணனும். ஏகாம்பரம் எங்கள் சங்கத்திலேயே சிறந்த கை. அவர் நெய்த சேலையில் கரையும் உடலும் சேருகிற இடத்தை விரலால் தடவினாலும் தெரியாது. எந்தக் கடைக்காரரும் அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வார். தயாளன் சுமார். அவருடைய சேலை அடிக்கடி தரம் பார்க்கிற மேசையிலிருந்து திரும்பி வரும். ஆனால் பேச்சு நேர்மாறாக இருக்கும். தனியார்தான் நியாயம் என்பார் தயாளன். சங்கம்தான் நியாயம் என்பார் ஏகாம்பரம்.

"அங்க நல்லா நெய்யறவனுக்கு நல்ல வேலை. நெய்யாதவனுக்கு வெறுந்தறி. இதுல இன்னா தப்பு? சொல்லு தோழரே."

"தப்பே இல்லப்பா. ஆனா அந்த நியாயப்படி பாத்தா மொத வெறுந்தறி உன்னோடதுதான், முதலாளி."

ஜன்னலில் நிற்கிற எல்லாரும் சிரிப்பார்கள். தயாளனும் சிரிப்பார். சொந்தத் தறிகூட இல்லாதவர் அவர். வாடகைத் தறியில் நெய்கிறவர். அவரை முதலாளி என்று கூப்பிடுவது ஏகாம்பரம் மட்டும்தான்.

"சிரிங்க, சிரிங்க. உன் கைக்கு அங்க ராஜா மாதிரி இருக்கலாம். நீ இன்னாத்துக்கு இங்க வந்து வரிசையில நின்னுக்கினு இருக்கற?"

"இன்னிக்கு கண்ணு நல்லா இருக்குது, ராஜாதான். நாளைக்கு மங்கிப்போச்சுன்னா? அப்பவும் பலகையில என் பேரு இருக்கும் பாரு."

"அப்ப பயம்னு சொல்லு."

"ஆமாம்பா, பயம்தான். நீ ஆசையில பேசற. நான் பயத்துல பேசறேன்."

நான் உள்ளே உட்கார்ந்து நூலைச் சிப்பம் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு ஏகாம்பரத்தின் கட்சிதான் பிடிக்கும். கொள்கை எல்லாம் இல்லை, நானும் பயந்தவள். என் கணவர் ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்குப் பலகை கிடையாது. காலையில் வாசலில் பட்டியல் படிப்பார்கள். பெயர் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் அடுத்த பேருந்தில் வீடு. ஒன்பது மணிக்கு மேல் அவரிடமிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதற்கு முன்பே அன்றைய கூலி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். அதனால், பெயர் அழியாத ஒரு பலகை இருக்கிற இடத்தில் நான் வேலை செய்கிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆனி மாதக் கல்யாணம் ஒன்றுக்கு ஒரு ஆர்டர் வந்தது. ஒரே குடும்பத்துப் பெண்கள் எட்டுப் பேர் ஒரே மாதிரிக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மயில் கழுத்து நிறம். அந்த நிறம் ஒரே நூலில் வருவது இல்லை என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். நீளவாட்டுப் பாவு நீலம், குறுக்கே போகிற ஊடை பச்சை. இரண்டும் கலந்து வெளிச்சத்தில் அசையும்போதுதான் மயில் கழுத்து. நீலப் பாவு நிறைய இருந்தது. மாதிரிக்கு ஏற்ற பச்சை ஊடைக்குத் தனியாகச் சாயம் போட வேண்டும். கையிருப்பில் இருந்த பட்டு ஏழு சேலைக்குத்தான் வந்தது. முடிந்தால் எட்டு, இல்லாவிட்டால் ஏழு போதும் என்று அந்தக் குடும்பமே சொல்லியிருந்தது. சாயக்காரர் ஜோசப் ஒரே தொட்டியில் ஒரே தடவையாகத் தோய்த்துக் கொடுத்தார். "மேடம், இதோட ஜோடி கேக்காதீங்க. இன்னொரு தடவ தோய்ச்சா நானே நினைச்சாலும் இந்தப் பச்சை வராது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பலகையில் முதல் ஏழு பெயருக்கு ஏழு சேலை. எட்டாவது பெயர் செல்வி அக்கா.

செல்வி அக்கா தன் வீட்டுத் தறியில் தானே நெய்கிறவர். இந்த வேலைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு ஊடை ஓட்டுகிற நாடாவைத் தள்ள ஒரு ஆள் வேண்டும். அவருக்கு அந்த ஆள் மகள்தான். கல்லூரி விட்டு வந்த பிறகுதான் அவள் உட்கார முடியும். அதனால் செல்வி அக்காவின் சேலை மெதுவாகத்தான் நகரும். ஆனால் திரும்பி வராது. அப்போது அவர் தறி ஒரு மாதமாகச் சும்மா இருந்தது. தினமும் காய்கறிப் பையோடு ஜன்னலுக்கு வருவார். பலகையைப் பார்ப்பார். பார்க்காதது போல என்னைப் பார்த்து, "இன்னா கண்ணு, கொழந்த சாப்ட்டுதா?" என்பார். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது, சாப்பிடவே சாப்பிடாது. அவருக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் சொல்வார். வேலையைப் பற்றி ஒரே ஒரு நாள்தான் கேட்டார். "எட்டுன்னு பேசிக்கிறாங்களே. எட்டுன்னா நான் வரேனா கண்ணு?"

நான் "பாக்கலாம்க்கா" என்றேன்.

நாம் நூல் கொடுக்கும்போது தேவைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்போம், சேதாரத்துக்காக. மிஞ்சினால் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. யாரும் தருவதில்லை, யாரும் கேட்பதில்லை. அன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏழு பேருக்கும் சேர்த்துக் கொடுக்கிற அந்தக் கொஞ்சத்தை எல்லாம் முன்னாலேயே எடுத்துவிட்டால் எட்டாவது சேலை வந்துவிடும். ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. எட்டுத் தறியும் ஓடும். செயலாளரிடம் போய், "சார், நிறுத்துப் பாத்துட்டேன். எட்டுக்கு வரும்" என்றேன். அவர் தாமலிலிருந்து வண்டியில் வருகிறவர். எந்த விஷயமும் தன் மேசைக்கு வராமல் முடிந்தால் சந்தோஷப்படுகிறவர். "வந்தா நல்லதுதானம்மா" என்றார்.

ஏழு பங்கை எட்டாகப் பிரித்தேன். ஒவ்வொருவரின் கணக்கு அட்டையிலும் விதிப்படியான எடையை எழுதினேன். கொடுத்தது அதைவிடக் குறைவு. தராசின் முகம் அப்போது என் பக்கம் இருந்தது. வெளியே நிற்கிறவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். ஒருவரும் எடை என்ன என்று கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. செல்வி அக்கா நூலை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "வந்துட்டன் பாத்தியா" என்று சிரித்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது பூ வாங்கி வைத்துக்கொண்டேன். நல்ல காரியம் செய்தவள் மாதிரி நடந்தேன்.

மறுநாளே பயம் தொடங்கியது. ஏழு பேர் ஏன் மிச்சத்தைத் திருப்பித் தருவதில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. மிச்சம் வைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். மிச்சமே இல்லாமலும் இருக்கலாம் இல்லையா? கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று நாட்களைத் தள்ளினேன். தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தறிச் சத்தம் வரும். நின்றுவிடுகிறதா என்று கேட்டுக்கொண்டே நடப்பேன்.

முதலில் நின்றது ஏகாம்பரம் அண்ணனின் தறி. வேகமான கை என்பதால் அவருக்குத்தான் முதலில் தீர்ந்தது. காலித் தார்க் குச்சிகளை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தார். நாடாவுக்குள் வைக்கிற அந்தக் குச்சிகளில் ஒரு சுற்று நூல்கூட இல்லை.

"ஊடை தீந்துபோச்சும்மா. இன்னும் ரெண்டு முழம் கிட்ட இருக்குது."

"தீந்துபோச்சா?" என்றேன்.

"இத்தினி வருஷத்துல எனக்கு ஊடை பத்தாம போனதே இல்லம்மா. நாந்தான் எங்கனா அழுத்தி அடிச்சிட்டனோ தெரியல."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் கையில் ஒரு தப்பும் இல்லை என்று ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். குச்சிகளை எண்ணி வாங்கி வைத்தேன்.

அன்று மதியத்துக்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். செயலாளர் என்னைக் கூப்பிட்டார். விஷயம் மேலிடத்துக்குப் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

"நீ நிறுத்துப் பாத்துதானே எட்டுக்கு வரும்னு சொன்ன?"

"ஆமா சார்."

"அப்ப ஜோசப்தான் ஈரத்தோட கொடுத்திருக்கான். ஈரத்துல எடை நிக்கும். காஞ்ச பிறகு குறைஞ்சிருக்குது. அப்படித்தானே?"

நான், "இருக்கலாம் சார்" என்றேன்.

இரண்டே சொல். ஏழு வருட வேலையில் நான் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால், எட்டாகப் பிரித்ததைச் சொல்ல மாட்டேன். இந்த இரண்டு சொல்லைத்தான் சொல்வேன். மறுநாள் ஜோசப் வந்து ஜன்னலில் நின்றார். இனிமேல் சங்கத்து நூல் அவருக்குக் கிடையாது என்று செயலாளர் சொல்லிவிட்டாராம். அவர் பட்டறைக்கு நாங்கள்தான் பெரிய வேலை. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, "ஈரமா இருந்துச்சா மேடம்? ரெண்டு நாள் நெழல்ல காய வெச்சனே. உங்க கையில தொட்டப்ப ஈரம் தெரிஞ்சுதா? தெரிஞ்சா சொல்லுங்க, என் ஆளுங்க இன்னா பண்ணாங்கன்னு பாக்கறன்" என்றார்.

நல்ல கை உள்ள இரண்டு பேர், என்னால் தங்கள் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். "சொல்லிடாத" என்றார். "அட்டையில ஒண்ணு எழுதி ஒண்ணு கொடுத்திருக்க. சொன்னா அன்னிக்கே தூக்கிடுவாங்க. என் வேலையும் இன்னிக்கு இருக்குது, நாளைக்கு தெரியாது." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த சாயக்காரருக்குக் கொழந்தைங்க இருக்குதா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தால் என் வேலை போகும், திறக்காவிட்டால் ஜோசப்பின் வேலை போகும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். மடியில் ஒரு குழந்தை இருந்தால், யோசிக்க ஒன்றும் இல்லாத விஷயத்தையும் இரண்டு நாள் யோசிக்க முடிகிறது.

வியாழக்கிழமை காலை எட்டு நெசவாளர்களையும் சங்கத்துக் கூடத்துக்கு வரச் சொன்னார் செயலாளர். ஜோசப்பும் வந்தார், உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார். நான் அட்டைகளை மார்போடு பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன்.

தயாளன்தான் ஆரம்பித்தார். "இதுக்கு எதுக்கு மீட்டிங்கு? யாரு சேலை முடியற நெலமையில இருக்குதோ அவங்களுக்கு ஊடைய கொடுங்க. பின்னால இருக்கறவங்க நிறுத்தட்டும். கடைக்காரன்னா இத ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருப்பான்."

"பின்னால இருக்கறவங்க இன்னா பண்ணுவாங்க?" என்றார் ஏகாம்பரம்.

"அது அவங்க பாடு."

"அதான்பா கடைக்காரன் நியாயம். எல்லாரும் கையில இருக்கற ஊடைய கொண்டாந்து இங்க வைப்போம். எத்தினி சேலை முடியுதோ முடிப்போம். கூலிய எட்டாப் பிரிச்சிக்கலாம்."

"நல்லாருக்குது! நான் குந்தி நெய்வேன், சும்மா குந்திக்கினு இருக்கறவங்களுக்குப் பங்கா?"

தயாளன் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் ஒரு பக்கம் போய்த் திரும்பியது. எல்லாரிலும் பின்தங்கியிருந்தது செல்வி அக்காவின் சேலை. வேறு நூலில் வருகிற முந்தி முடிந்து உடல் இப்போதுதான் தொடங்கியிருந்தது. ஊடை அதிகம் மிச்சம் இருந்ததும் அவரிடம்தான். நான் நின்ற இடத்தில் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் ஜன்னலில் இவர்கள் இரண்டு பேரும் எதிரெதிராகச் சண்டை போடுகிறார்கள். இன்று இரண்டு பேர் சொல்கிற வழியிலும் நிற்கப்போகிற தறி ஒன்றுதான். ஒரு வழியில் வெறுங்கையோடு நிற்கும், இன்னொரு வழியில் பிச்சையோடு நிற்கும். செல்வி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத்தனைக்கும் காரணம் அதோ நிக்கறான் பாருங்க" என்று செயலாளர் வாசலைக் காட்டினார்.

"அவர் இல்ல சார்" என்றேன்.

யார் பேசியது என்று எனக்கே தெரியாதது போல இருந்தது. கையில் இருந்த அட்டைகள் நழுவி விழுந்தன. பொறுக்கக் குனிந்தால் பேச முடியாது என்று குனியவில்லை. "வந்தது ஏழுக்குத்தான். ஜோசப் அண்ணன் சரியாத்தான் கொடுத்தாரு. நாந்தான் எட்டாப் பிரிச்சேன். அட்டையில மாத்தி எழுதிட்டேன். எட்டாவது தறியும் ஓடட்டும்னு செஞ்சேன். உங்க யாருக்கும் நஷ்டம் வராதுன்னு நெனச்சேன்."

முதலில் சிரித்தது தயாளன்.

"அடப்பாவிங்களா. சங்கத்துல முதலாளியே இல்லன்னு தோழர் தெனம் சொல்லிக்கினு இருந்தாரு. இங்க ஜன்னலுக்கு உள்ளாரயே ஒரு முதலாளி குந்திக்கினு இருந்திருக்காங்கப்பா. நமக்குத்தான் தெரியல."

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் இன்றுவரை அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்கு எவ்வளவு என்று தனியாக முடிவு செய்து, கணக்கை மறைத்து, அவர்கள் நன்மைக்குத்தான் என்று நினைத்துக்கொண்ட ஆளுக்கு வேறு என்ன பெயர்?

ஏகாம்பரம் அண்ணன் சிரிக்கவில்லை. தன் கைகளை ஒருமுறை பார்த்தார். "கேட்டிருந்தா கொடுத்திருப்போமேம்மா" என்றார். "எங்கிட்ட இருந்து எடுத்தது தப்பு இல்ல. எங்கள கேக்காம எடுத்தியே."

அதுவரைக்கும்கூடத் தாங்கினேன். பிறகு செல்வி அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப என் முறை வரலியா?"

கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என் முறை வந்துடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். பாவம் பாத்துக் கொடுத்ததா அது?"

நான் "அக்கா" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். ஜோசப் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அவர் போன பிறகு ஏகாம்பரம் ஒரு யோசனை சொன்னார். இடுப்பில் செருகுகிற உள்முனையில் எட்டுச் சேலையிலும் வேறு பச்சையைப் போட்டு முடிக்கலாம், கல்யாண வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டே கொடுக்கலாம், கட்டினால் வெளியே தெரியாது, குறையையும் எட்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். சரிதான் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். தயாளன்கூட, "என் சேலையில ஏற்கெனவே நாலு குறை இருக்குது, அஞ்சாவதா இது இருந்துட்டுப் போவட்டும்" என்றார். எனக்கு உயிர் திரும்பியது. சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அரை மணி நேரத்தில் செல்வி அக்கா ஒரு எவர்சில்வர் பாத்திரத்தோடு வந்தார். அதற்குள் அவருடைய தார்கள் எல்லாம் இருந்தன. நெய்த கொஞ்ச உடலையும் பிரித்துச் சுற்றியிருந்தார். கூடத்துக்குள் வராமல் நேராக ஜன்னலுக்கு வந்து நின்றார். நான் அறைக்குள் ஓடினேன்.

ஏகாம்பரம் பின்னாலேயே போய், "செல்வி, எட்டுலயும் போடலாம்னு பேசியாச்சும்மா" என்றார்.

"என் ஒரு தறிக்காக ஏழு பேரு சேலை கெட வேணாம்ணா. என் முறை வரும்போது நான் நெய்யறேன். அப்ப யாரும் எனக்குப் பங்கு தர வேணாம், யாரும் எனக்குப் பாவம் பாக்க வேணாம்." பிறகு என்னிடம், "நிறுத்துப் பாருங்க" என்றார்.

தார்களைத் தராசில் வைத்தேன். எண் வந்தது. நான் படிக்க வாயெடுத்தேன்.

"எனக்குத் தெரியலியே" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க சொல்லி நான் கேட்டதெல்லாம் போதும். அத இந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பினேன். அவர் குனிந்து, எண்ணை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். பின்னால் நின்ற ஏழு பேரும் கேட்டார்கள். பிறகு வெறும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஏழு சேலையும் குறை இல்லாமல் முடிந்தன. ஆனி முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தன. செயலாளர் என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. என்மேல் இரக்கம் என்று சொல்ல முடியாது. தூக்கினால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் அது மேலே போகும். எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி, அதைத் தன் மேசைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார். அந்த மேசையைத் திறக்கும் சத்தம் கேட்டால், நான் வேலையை விடும் நாள்வரைக்கும் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பேன். ஜோசப்புக்குத் திரும்ப வேலை கொடுத்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டபோது, "பரவால்ல மேடம்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு நூல் கொண்டுவந்தால், நான் தொட்டுப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று வாயால் சொல்லும்வரை போக மாட்டார்.

ஏழு பேருக்கு முழுதாகக் கொடுப்பது நியாயமா, எட்டுப் பேருக்குக் குறைத்துக் கொடுப்பது நியாயமா என்று நீங்கள் என்னைக் கேட்டால் எனக்கு இன்னும் தெரியாது. ஏகாம்பரம் பேசினால் அது சரி என்று படும், தயாளன் பேசினால் அதிலும் ஒரு சரி இருக்கும். உங்கள் ஜன்னலில் அந்தச் சண்டை முடியப்போவதில்லை. முடிக்க வேண்டியது உங்கள் வேலையும் இல்லை. எட்டாவது பெயரைப் பார்த்து உங்களுக்கும் ஒரு நாள் மனம் இளகும். இளகட்டும். உடனே எழுந்து வெளியே போய், மற்ற ஏழு பேரிடமும் எட்டாவது ஆளிடமும் சொல்லிக் கேளுங்கள். மறுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கும். நான் கேட்காததற்கும் அந்தப் பயம்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. மறுக்கிற உரிமை அவர்களுக்கு இருந்தது. அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று சொல்லாமலே இருந்திருந்தால் செல்வி அக்காவின் மனம் நொந்திருக்காதே என்று சில நாள் தோன்றும். உடனே ஜோசப் வாசற்படியில் நிற்பது தெரியும். இன்னொரு நாள், சொன்னதிலும் எட்டாவது தறி என்ற வார்த்தையைத் தவிர்த்திருக்கலாமே என்று தோன்றும். இந்த யோசனைகளுக்கு முடிவு இல்லை. மகள் கூப்பிட்டால் எழுந்து போய்விடுவேன்.

செல்வி அக்காவின் முறை அடுத்த மாதம் வந்தது. அதற்குப் பிறகும் பல முறை வந்தது. ஒவ்வொரு தடவையும் எண்ணைத் தானே படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் படிக்க ஆரம்பித்தார்கள். நான் வேலையை விட்ட கடைசி நாளிலும் அவர் வந்திருந்தார். அரக்கு நிற ஊடை. குனிந்து படித்து, "சரியா இருக்குது மேடம்" என்றார். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை. நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொன்னேன். நூலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே ஒரு நிமிடம் நின்றார்.

"கொழந்தைய பாத்துக்குங்க, மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒவ்வொரு தடவையும் எழுந்து எட்டிப் பார்ப்பது கஷ்டம்தான். எட்டிப் பாருங்கள்.